‘சோலி’யைக் கையாள்வது எப்படி: நெல்லைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்கிற சொல் ‘ஏலே’. அதைச் சினிமாவே சொல்லிக்கொடுத்துவிடுகிறது, விடுங்கள். அடுத்து நாக்கில் ஒட்டுவது ‘சோலி’. ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

நான் முன்பு இருந்த ஆபீசில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் சேர்ந்தார். ஊர்ப் பேச்சில் பேச வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. ஒரு கையெழுத்துக்காக மூன்று நாளாக நடந்துகொண்டிருந்த வயசான அண்ணாச்சியிடம் நான்காம் நாள் காகிதத்தை நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, “அண்ணாச்சி, உங்க சோலிய முடிச்சாச்சு” என்றார். பக்கத்து மேஜைக்காரர் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறிவிட்டது. அண்ணாச்சி துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மூணு நாளா நடந்ததுலயே அது பாதி முடிஞ்சிட்டு தம்பி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தம்பி செய்தது சின்னத் தப்புதான். சோலி என்றால் வேலை, காரியம், அவ்வளவே. மலையாளத்தில் இதே சொல் ‘ஜோலி’, அங்கே சம்பள உத்தியோகத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது என்பதால் மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல் புழங்குவதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் நம் பக்கம் உத்தியோகத்துக்கு ‘வேலை’தான். பெண் பார்க்கப் போன இடத்தில் “மாப்பிள்ளைக்கு என்ன சோலி?” என்று கேட்டுவிடாதீர்கள், அவர் வெட்டியாகத் திரிகிறார் என்று குத்திக் காட்டுவதுபோல ஆகிவிடும்.

‘முடி’ என்ற வினையோடு சேரும்போது அது யாருடைய சோலி என்று பார்க்க வேண்டும். “வந்த சோலி முடிஞ்சிட்டு, கெளம்புதேன்” என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்லலாம், ஒரு குற்றமும் இல்லை. “வந்த சோலி முடிஞ்சுதா?” என்று மற்றவரிடம் கேட்கலாம், அதுவும் சரி. ‘வந்த’ என்பதை எடுத்துவிட்டு ‘அவன் சோலி’, ‘உங்க சோலி’ என்று ஆளோடு ஒட்டினீர்களோ, ஆளையே முடித்துவிட்டதாக அர்த்தம். அது கொலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வட்டிக்கு வாங்கிக் கடை வைத்தவன், பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி சினிமாவுக்குப் போனவன், எல்லார் சோலியும் முடியும். சினிமா அதில் அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

“சோலியப் பாரு” இன்னும் நுணுக்கம். கடைசியில் என்ன ஒட்டுகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். “சோலியப் பாருங்க” என்றால், நீங்கள் கைவேலையாக இருக்கிறீர்கள், நான் இடைஞ்சல் செய்யவில்லை என்ற மரியாதை. “சோலியப் பாரும்வே” என்றால் சம வயதுக்காரரோடு கேலி. “சோலியப் பாத்துட்டுப் போலே” என்றால் தலையிடாதே என்ற எச்சரிக்கை, குரல் உயர்ந்திருந்தால் நகர்ந்துவிடுவது நல்லது. புதியவர்கள் கொஞ்ச காலத்துக்கு முதலாவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த உபயோகம் வேறு. ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள், தெரிந்தவர் பார்த்துவிட்டு “எங்க தூரமா?” என்கிறார். (வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே போகிறாய்’ என்று நேராகக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது பெரியவர்கள் நம்பிக்கை.) ஆஸ்பத்திரிக்கோ, கடன் கேட்கவோ, எங்கே போனாலும் “இங்ஙன ஒரு சோலி” என்றால் போதும். விவரம் தெரிந்த ஆள் அதற்கு மேல் துருவ மாட்டார். துருவினால் அவரைத்தான் ‘சோலியத்தவன்’ என்பார்கள்.

எழுதும்போது லகரம் முக்கியம். ‘சோழி’ பல்லாங்குழிக்கு, ‘சோளி’ உடுத்துவதற்கு. “உன் சோழியை முடிக்கிறேன்” என்று போனில் தட்டி மிரட்டுகிற வீரர்களைப் பார்த்திருக்கிறேன், பயம் வருவதற்குப் பதில் தாயக்கட்டை ஞாபகம்தான் வருகிறது.

அந்தத் தம்பி இப்போது ஊருக்கே மாற்றலாகிப் போய்விட்டார். போன வாரம் போன் போட்டேன், பின்னால் குழந்தை அழுகிற சத்தம், யாரோ திட்டுகிற சத்தம். “ஒரு சோலி அண்ணாச்சி, அப்புறம் கூப்பிடுதேன்” என்றார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.