செயின் பிடிக்கப் பெயர் கொடுத்துவிட்டீர்களா? பள்ளி ஃபுட்பால் ஆட்டத்தில் உங்கள் முதல் நாள்

இங்கே அமெரிக்காவில் பையன் ஹைஸ்கூல் ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) அணியில் சேர்ந்துவிட்டால், சீசன் தொடங்கும்போது பெற்றோருக்கு ஒரு மெயில் வரும். டிக்கெட், தின்பண்டக் கடை, பார்க்கிங், ஸ்கோர்போர்டு, செயின் (மைதானத்தில் தூரம் அளக்கும் சங்கிலி) என்று ஒரு பட்டியல். எதற்காவது பெயர் கொடுத்தாக வேண்டும். ஆட்டத்தைக் கோட்டோரம் நின்றே பார்க்கலாம் என்ற ஆசையில் நான் செயினுக்குக் கொடுத்தேன். விதிகள் அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். அதே நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆட்டங்கள் என்எஃப்எச்எஸ் (பள்ளி விளையாட்டுகளுக்கான தேசியக் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கின்றன: 12 நிமிடக் குவாட்டர் நான்கு. டெக்சாஸில் பள்ளிகளும் கல்லூரி விதியை ஒட்டித்தான் ஆடுகின்றன. செயின் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதற்கு இந்தச் சங்கிலி

நம் ஊரில் நிலம் அளக்க வரும் சர்வேயரோடு சங்கிலி பிடிக்கிற செயின்மேன் ஒருவர் வருவார் இல்லையா, அந்த வேலைதான் இது. என்ன, இங்கே இரண்டு பக்கமும் பட்டா கேட்டுக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி முதல் டவுனிலிருந்து எண்ணலாம். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. 1882-இல் இந்த முறை வந்தபோது மூன்று டவுனில் 5 யார்டு என்றுதான் இருந்தது. அதற்கு முன்பு ஒரே அணி பந்தை வைத்துக்கொண்டு பாதி ஆட்டத்தையே ஓட்டிவிட முடியும். 1906-இல் தூரம் 10 யார்டு ஆனது, 1912-இல் நான்காவது டவுன் சேர்ந்தது.

அந்த 10 யார்டைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் நம் வேலை. இரண்டு கம்பு, நடுவே சரியாக 10 யார்டு சங்கிலி. தனியாக இன்னொரு கம்பின் தலையில் 1 முதல் 4 வரை எண் மாற்றும் பலகை. அதை எல்லோரும் பாக்ஸ் என்பார்கள். அப்புறம் சங்கிலியில் மாட்ட ஒரு சின்ன கிளிப். குறைந்தது மூன்று பேர் வேண்டும். கிளிப்புக்குத் தனி ஆள் கிடைத்தால் நான்கு. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 2025 முதல் கேமராக்கள் அளக்கின்றன, செயின் துணைக்கு நிற்கிறது. பள்ளி மைதானத்துக்கு அந்த வசதி எப்போது வருமோ, அதுவரை நாம்தான்.

படி 1: சீக்கிரம் போங்கள், அணி சட்டையைக் கழற்றுங்கள்

ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பாவது மைதானத்தில் இருங்கள். மகன் பெயர் போட்ட ஜெர்சி வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்கு நீங்கள் நடுவர் குழுவில் ஒருவர். கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, "அது ஹோல்டிங் இல்லையா?" என்று கேட்கக் கூடாது (ஹோல்டிங் என்பது விதியை மீறி எதிராளியைப் பிடித்து நிறுத்துவது). செயின் பெரும்பாலும் பிரஸ் பாக்ஸுக்கு (அறிவிப்பாளரும் செய்தியாளர்களும் உட்காரும் அறை) எதிர்ப்பக்கம் ஓடும். பல மைதானங்களில் அங்கேதான் வெளியூர் அணி நிற்கும். ஆக, உங்கள் பையன் டச்டவுன் போடும்போது அவர்கள் கோச்சுக்குப் பக்கத்தில் சிலை மாதிரி நிற்க வேண்டியிருக்கும். பழகிவிடும்.

ஃபோனைக் காரிலேயே வைத்துவிடுங்கள். பாத்ரூம் போய்விட்டு வாருங்கள்.

படி 2: சங்கிலியைச் சோதியுங்கள்

முந்தைய ஆட்டத்தில் எப்படிச் சுருட்டினார்களோ அப்படியே பையில் கிடக்கும். எடுத்து விரித்து, ஒரு கம்பை 20 யார்டு கோட்டிலும் மற்றதை 30-இலும் வைத்து இழுத்துப் பாருங்கள். முறுக்கு இருந்தால் தூரம் குறையும். நடுவில், 5 யார்டில், ஒரு டேப் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். எதிரணிக்கு 5 யார்டு அபராதம் விழுந்தால் அது ஃபர்ஸ்ட் டவுனுக்குப் போதுமா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கிளிப் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: உங்கள் முதலாளி ஒருவர்தான்

வெள்ளைத் தொப்பிக்காரர் ரெஃப்ரி, தலைமை நடுவர். அவர் நம்மோடு அதிகம் பேச மாட்டார். நமக்கு எல்லாம் நம் பக்கக்கோட்டில் நிற்கும் லைன்ஸ்மேன். ஆட்டத்துக்கு முன்பு அவரே தேடி வந்து ஐந்து நிமிடம் பேசுவார். அதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் ஆளுக்கு ஆள் பழக்கம் கொஞ்சம் மாறும். இங்கே நான் எழுதியதற்கும் அவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால், அவர் சொல்வதுதான் சரி.

அவர் கட்டாயம் சொல்லப்போவது: "நான் சொல்லும்வரை எதுவும் செய்யாதே." மொத்த வேலையும் இதில் அடங்கியிருக்கிறது. இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 4: சங்கிலி வைப்பது

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். ஒரு அணிக்குத் தன் 32 யார்டு கோட்டில், அதாவது தன் கோல் கோட்டிலிருந்து 32 யார்டு தூரத்தில், முதல் டவுன். பந்தின் முன் நுனிக்கு நேராக லைன்ஸ்மேன் வந்து பக்கக்கோட்டில் குதிகாலை ஊன்றிக் காட்டுவார். அந்தக் குதிகாலுக்கு நேராகப் பின்கம்பு. முன்கம்புக்காரர் சங்கிலி விறைக்கும்வரை போனால் 42-இல் நிற்பார். பாக்ஸ் 32-இல், எண் 1. மூவருமே கோட்டிலிருந்து சுமார் 2 யார்டு வெளியே நிற்க வேண்டும், ஆட்டக்காரர்கள் ஓடிவந்து விழ இடம் வேண்டுமே.

இப்போது கிளிப். 5 யார்டுக்கு ஒன்றாக மைதானத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளில் பின்கம்புக்கு முன்னே முதலில் வருவது எது? 35. அந்த வெள்ளைக் கோட்டின் பின் விளிம்பு, அதாவது பின்கம்பைப் பார்த்த விளிம்பு, சங்கிலியில் எந்த வளையத்துக்கு நேராக வருகிறதோ அங்கே கிளிப்பை மாட்டுங்கள். "35" என்று கையில் எழுதிக்கொள்ளுங்கள். நான் சின்ன அட்டையில் பென்சிலால் எழுதுவேன். மழையில் பேனா அழிந்துவிடும்.

அந்த முதல் முயற்சியில் 4 யார்டு கிடைத்தது என்று வையுங்கள். லைன்ஸ்மேன் இரண்டு விரல் காட்டியதும் பாக்ஸ் மட்டும் 36-க்குப் போகும், எண் 2. கம்புகள் அசையாது. மூன்றாவதுக்கு மூன்று விரல். நான்காவது டவுன் என்றால் மூடிய முஷ்டி. அவர் காட்டும்வரை எண்ணைத் திருப்பாதீர்கள்.

படி 5: கொடி விழுந்தால் வேர்விட்டு நில்லுங்கள்

இதுதான் என் கதை. முதல் ஆட்டம், நான் முன்கம்பு. மேலே சொன்ன மாதிரியே 32-க்கும் 42-க்கும் சங்கிலி, மூன்றாவது டவுன், 3 யார்டு வேண்டும். பையன் ஒருவன் பிய்த்துக்கொண்டு ஓடி மைதானத்தின் பாதியைத் தொட்டுவிட்டான். கூட்டம் எழுந்து கத்தியது. நானும் கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன், பின்கம்புக்காரரையும் சங்கிலியோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு. நடுவில் திரும்பிப் பார்த்தால் பின்னால் புல்லில் ஒரு மஞ்சள் கொடி, தவறு நடந்தது என்று நடுவர் வீசுவது. ஹோல்டிங். ஓட்டம் செல்லாது, மூன்றாவது டவுன் மறுபடி ஆட வேண்டும், தூரம் பழைய 42-தான்.

42 எங்கே? கம்பு நின்ற இடத்தில் ஓட்டையா இருக்கிறது?

லைன்ஸ்மேன் கோபப்படவில்லை. கிளிப் பிடித்தவரைப் பார்த்து "என்ன கோடு?" என்றார். "35" என்றார் அவர். கிளிப் இருந்த வளையத்தை 35-இன் பின் விளிம்பில் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்தோம். கம்புகள் பழைய இடத்துக்கே வந்து நின்றன. ஐம்பது காசு பெறாத அந்தக் கிளிப்பின் மீது எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

கொடியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புது முதல் டவுன் கிடைத்து, சங்கிலி வைத்து, ரெஃப்ரி ஆட்டத்துக்கு விசில் கொடுத்த பிறகு தாக்கும் அணி ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்தால் (பந்து கிளம்புமுன் அசைந்துவிட்டால்), பாக்ஸ் மட்டும் 5 யார்டு பின்னால் போகும், கம்புகள் நிற்கும். 10 போய் 15 வேண்டும். ஆனால் ஓட்டம் முடிந்து, அந்த விசிலுக்கு முன்பு யாராவது வம்பு செய்து அபராதம் வாங்கினால், முதலில் அபராதத்தைக் கணக்கிட்டு, அந்தப் புது இடத்திலிருந்துதான் சங்கிலி. வேண்டியது 10-தான். அவசரக்காரர்கள் முன்கூட்டியே கம்பை ஊன்றிவிட்டுத் தடுமாறுவது இங்கேதான்.

படி 6: மைதானத்துக்குள் அளப்பது

வந்துவிட்டதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாவிட்டால் ரெஃப்ரி கையசைத்துக் கூப்பிடுவார். எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள், வயிற்றைக் கொஞ்சம் கலக்கும். நடந்து போனால் போதும். லைன்ஸ்மேன் கிளிப் இருக்கும் வளையத்தைக் கையால் பிடித்துக்கொள்வார். கம்புக்காரர்கள் இருவரும் அவரோடு உள்ளே போவார்கள். பந்துக்கு நேராக அதே 35-இன் பின் விளிம்பில் அவர் கிளிப்பை அழுத்திப் பிடித்து "சரி" என்றதும், முன்பக்கம் சங்கிலியை மெதுவாக விறைப்பார்கள். முன்கம்பை நடுவர் ஒருவர் வாங்கிக்கொள்வார், கொடுத்துவிடுங்கள். பந்தின் நுனி கம்பைத் தொட்டால் முதல் டவுன். பாக்ஸ்காரர் வெளியிலேயே, லைன்ஸ்மேன் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். சங்கிலி அறுந்தாலும் அந்த ஓர் இடமாவது கையில் இருக்கும்.

முகத்தில் எதையும் காட்டாதீர்கள். கம்பு பிடித்தவர் சிரித்தால் எதிரணி மறக்காது.

படி 7: குவாட்டர் முடிந்ததும்

முதலும் மூன்றாவதும் முடியும்போது அணிகள் திசை மாறும். புதியவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இது. லைன்ஸ்மேன் டவுன், தூரம், கிளிப் கோடு மூன்றையும் எழுதிக்கொண்டு, வளையத்தைப் பிடித்தபடி மைதானத்தின் அடுத்த பாதியில் உள்ள 35-க்கு நடப்பார். பின்கம்பு பின்கம்பாகவே இருக்கும். ஆனால் இதுவரை இடப்பக்கம் நின்றிருந்தால் இனி வலப்பக்கம். அதாவது கம்புக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போக வேண்டும்.

தாண்டாமல் அப்படியே போய் நின்றால் என்ன ஆகும்? நம் உதாரணத்தில் கிளிப் பின்கம்பிலிருந்து 3 யார்டில் இருக்கிறது, முன்கம்பிலிருந்து 7 யார்டில். கம்புகள் மாறிப்போனால் இலக்கு 42-க்குப் பதில் 38 ஆகிவிடும். 4 யார்டு இனாம்! எதிரணி கோச் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அன்று முழுக்க உங்களைச் சந்தேகமாகவே பார்ப்பார்.

சின்னச் சின்ன விஷயங்கள்

புது முதல் டவுன் எதிரணியின் 10 யார்டு கோட்டிலோ அதற்கு உள்ளேயோ கிடைத்தால் இலக்கு கோல் கோடுதான். சங்கிலிக்கு வேலையில்லை, கம்புகளை நன்றாகப் பின்னால் தள்ளிப் படுக்க வையுங்கள், பாக்ஸ் மட்டும் போதும். கிக் ஆஃப் நேரத்திலும் செயின் ஓரமாக ஒதுங்கியிருக்கட்டும்.

ஆட்டக்காரர்கள் உங்களை நோக்கி வந்தால் கம்பைப் பிடித்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம். மைதானத்துக்கு வெளிப்புறமாகக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் போங்கள். முழு வேகத்தில் வரும் பதினேழு வயதுப் பையனுக்கு இரும்புக் கம்பு நல்லதல்ல, உங்கள் முழங்காலுக்கு அவனும் நல்லவனல்ல. இடத்தைத்தான் கிளிப் நினைவில் வைத்திருக்கிறதே.

மின்னலோ இடியோ வந்தால் நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்துவார்கள். கடைசி மின்னலிலிருந்தோ இடிச் சத்தத்திலிருந்தோ 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொரு மின்னலோ இடியோ வந்தால் மறுபடி முதலிலிருந்து 30. அந்த நேரம் உலோகக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், போகும் முன்பு டவுன், தூரம், கிளிப் கோடு மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

செயினுக்குப் பதில் ஸ்கோர்போர்டு கடிகாரத்தை இயக்க உட்காரச் சொன்னால் ஒப்புக்கொள்வதற்கு முன் யோசியுங்கள். ரெஃப்ரி கையைச் சுழற்றினால் ஓட்ட வேண்டும், தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்காக ஆட்டினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லித்தான் உட்கார வைப்பார்கள். என்எஃப்எச்எஸ் விதிப்படி, பாஸ் தவறினாலும் பந்து வெளியே போனாலும் நின்ற கடிகாரம் அடுத்த ஸ்னாப்பில்தான் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் கணத்தில்) ஓட வேண்டும். மைதானத்துக்குள் முடிந்து முதல் டவுனுக்காக நின்றதோ ரெஃப்ரியின் விசிலுக்கே ஓடிவிடும். கடைசி இரண்டு நிமிடத்தில் இதைக் குழப்பினால் மொத்த அரங்கமும் உங்கள் பக்கம் திரும்பும். செயினில் ஒரு சீசன் கழித்துவிட்டுப் போனால் கை தானாகப் பழகிவிடும்.

படி 8: முடிந்த பிறகு

நடுவர்கள் வேகமாகக் கிளம்பிவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம், தோற்ற கூட்டம் கீழே இறங்குவதற்குள் போவது நல்லது. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. கிளிப்பைக் கழற்றிப் பையின் சின்னப் பாக்கெட்டில் போடுங்கள், சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள் (எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் ஒன்று கிடைத்தது). சங்கிலியில் மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு கம்பையும் சேர்த்து வைத்து எட்டுப் போட்டுச் சுற்றுங்கள். வட்டமாகச் சுற்றினால் முறுக்கேறிவிடும், வியாழக்கிழமை ஜேவி (ஜூனியர் அணி) ஆட்டத்துக்கு வரும் அப்பா அதை அவிழ்க்கப் பத்து நிமிடம் பாடுபடுவார்.