பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்கு மாற்றுகிறீர்களா? எடைக் குறைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் வீட்டுக்கு வந்த முதல் வாரமே பின்சீட்டும் கார்ப்பெட்டும் வெளியே வந்துவிடும். அந்த ஆர்வம் எனக்கும் புரிகிறது. ஆனால் பணமும் உழைப்பும் அதிகம் வீணாவது அந்த முதல் வாரத்தில்தான். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிவிட்டு, அப்புறம் விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டிவிடலாம், வெட்டியதை என்ன செய்வது?

முதலில் தேட வேண்டியது, நீங்கள் ஓடப்போகும் பிரிவின் குறைந்தபட்ச எடை. அந்த எடை ஓட்டுநரோடு சேர்த்தா, சேர்க்காமலா? பெட்ரோலோடு சேர்த்தா, வடித்த பிறகா? பல கிளப் பந்தயங்களில் கார் டிராக்கிலிருந்து வந்த கோலத்திலேயே, ஓட்டுநர் உள்ளே இருக்க, எடை மேடையில் ஏற்றுவார்கள். 2024 பெல்ஜியம் கிராண்ட் பிரி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். பெட்ரோலை வடித்து நிறுத்தபோது கார் 796.5 கிலோ. இருக்க வேண்டியது 798. ஒன்றரைக் கிலோவில் வெற்றி பறிபோனது. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் அணிக்கே இந்தக் கதி என்றால், நாம் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கவே கூடாது. நாலைந்து கிலோ மேலே இருக்கட்டும்.

விதியை வாசிக்கும் விதத்திலும் ஒரு தவறு நடக்கிறது. "கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையே" என்று வாதாடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான விதிப்புத்தகங்கள் நேர்மாறாக இயங்குகின்றன: வெளிப்படையாக அனுமதிக்காத எதையும் செய்யக்கூடாது. வரலாற்றுக் கார்களுக்கான பந்தயம் என்றால் பிடி இன்னும் இறுகும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ., பழைய கார்களுக்கு வகுத்த அப்பெண்டிக்ஸ் கே விதிப்படி, கார் அதன் காலத்தில் ஓடிய வடிவத்திலேயே இருக்க வேண்டும். 1973 போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலகு வடிவம், டூரிங் வடிவத்தைவிட ஏறத்தாழ 100 கிலோ குறைவு. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின்சீட் கிடையாது, கதவை இழுக்க ஒரு வார்தான். தொழிற்சாலையே செய்து கொடுத்ததால் அந்தக் காருக்கு அது உரிமை. அதே வேலையைச் சாதாரண 911இல் செய்துவிட்டு அதே சலுகையை எதிர்பார்க்க முடியாது.

சரி, விதி தெரிந்துவிட்டது. இனி கழற்றலாமா? இன்னும் இல்லை, காரை நிறுத்துப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து, ஓட்டுநர் இடத்தில் உங்களை உட்காரவைத்து, நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கழற்றும் ஒவ்வொன்றையும் நிறுத்து, எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் எளிதில் கழல்பவை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கி விரிப்பு, பின்பக்க சைலன்சர். எல்லாமே பின்னால். முன்னால் என்ஜின் உள்ள காரில் இவற்றையெல்லாம் எடுத்தால் மூக்கு கனத்து, வால் லேசாகிவிடும். பிரேக்கைப் பழைய விகிதத்திலேயே விட்டுவைத்தால், அழுத்தும்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும், கார் சுழலும். அதோடு, எடை குறைந்ததும் ஸ்பிரிங்குகள் காரை மேலே தூக்கும். வீல் அலைன்மென்ட்டும் மாறிவிடும். எடையைக் குறைத்துவிட்டு இவற்றைத் தொடாமல் டிராக்கில் இறங்குவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. கார் முன்பைவிட மோசமாக ஓடும், காரணமும் புரியாது.

கூட்டல் கணக்கையும் மறக்க வேண்டாம். கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் மட்டுமே 30, 40 கிலோவைத் திரும்பக் கொண்டுவரும். ரேஸ் சீட், தீயணைப்புக் கருவி என்று பட்டியல் நீளும். கேஜில் எடை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எஃப்.ஐ.ஏ. விதியில் பிரதான வளைவுக்கு (ஓட்டுநருக்குப் பின்னால் வளைந்து நிற்கும் குழாய்) 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள குழாய் வேண்டும். சில அமைப்புகள் குழாயின் அளவைக் காரின் எடையைப் பொறுத்து நிர்ணயிக்கின்றன. கார் இவ்வளவுதான் வரும் என்று ஊகித்து மெல்லிய குழாயில் வெல்டிங் செய்துவிட்டு, பிறகு தராசு வேறு எண்ணைக் காட்டினால், மொத்தக் கேஜையும் அறுத்தெடுக்க வேண்டியதுதான்.

சத்தத்தைக் குறைக்கக் காரின் தரையில் ஒட்டியிருக்கும் தார் விரிப்புக்கு வருவோம். இதைச் சுடுகாற்றில் உருக்கிச் சுரண்டினால் கை, கத்தி, கால்சட்டை எல்லாம் பிசுபிசுக்கும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டால் தகடே தேயும். நல்ல வழி டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. சுமார் மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் அந்தத் துண்டுகளைத் தரையில் பரப்பிச் சற்று நேரம் விட்டால், அடியிலிருந்து டிக், டிக் என்று விரிசல் சத்தம் கேட்கும். துண்டுகளைத் தள்ளிவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுங்கள், காய்ந்த சேறு போல ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். கனமான கையுறை கட்டாயம். ஷெட் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, குழியிலும் காருக்குள்ளும் தேங்கி மூச்சை அடைக்கும். தகடுகள் சேரும் இடத்தில் கோடாகப் பூசியிருக்கும் சீலரை மட்டும் தொடாதீர்கள், அது தண்ணீரைத் தடுப்பது. வெறும் தகட்டுக்கு அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். கிடைப்பது சில கிலோதான், ஆனால் பழைய காரில் தாருக்கடியில் ஒளிந்திருக்கும் துருவைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

ஓட்டை போடும் ஆசையை அடக்குங்கள். பிரேக் பெடல், சஸ்பென்ஷன் ஆர்ம், டிஸ்க் இவற்றில் எடுக்கும் ஒவ்வொரு கிராமும் உங்கள் உயிரோடு விளையாடுவது. கதவுக்குள் இருக்கும் பாதுகாப்புக் கம்பியைக் கேஜில் பக்கவாட்டுக் குழாய் போட்ட பிறகுதான், அதுவும் விதி அனுமதித்தால் மட்டுமே, எடுக்கலாம். 1960களின் அமெரிக்க டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தில் பென்ஸ்கி அணி தன் கமேரோவின் உடலை அமிலத்தில் முக்கித் தகட்டை மெலியவைத்த கதை பிரசித்தம். அதைப் படித்துவிட்டு யாராவது உங்களிடம் அமிலத்தைப் பற்றிப் பேசினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தகடு வலுவிழக்கும், மடிப்புகளில் தங்கும் அமிலம் வருடக்கணக்கில் அரிக்கும்.

கண்ணாடியில் நிறையக் குறைக்கலாம். அதற்குப் பதிலாகப் போடும் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கின் அடர்த்தி கண்ணாடியில் ஏறத்தாழ பாதிதான். முன் கண்ணாடியை அப்படியே லேமினேட்டாக விட்டுவிட்டு, பக்கமும் பின்னும் மாற்றலாமா என்று விதியில் பாருங்கள். மலிவாக வருகிறதே என்று அக்ரிலிக் போடக்கூடாது, மோதலில் அது கூர்மையாக உடையும். ஸ்குரூ துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும், வெப்பத்தில் பாலிகார்பனேட் விரியும்.

ஹீட்டரைக் கழற்றுபவர்கள் மழை நாளை நினைப்பதில்லை. முன் கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைக்க யார் இருக்கிறார்கள்? ஒயரிங்கை வரைபடம் இல்லாமல் வெட்ட வேண்டாம். பேட்டரி மாற்றம் லாபமானது: லித்தியம் வகை பல கிலோவைக் குறைக்கும், உங்கள் ஆல்டர்னேட்டருக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

செலவழிக்க முடியுமானால் சக்கரத்தில் செலவழியுங்கள். ரிம்மின் விளிம்பிலும் டயரிலும் உள்ள ஒரு கிலோவை உருட்டவும் வேண்டும், முன்னே தள்ளவும் வேண்டும். வேகமெடுக்கும்போது அது ஏறத்தாழ இரண்டு கிலோவாக நடந்துகொள்கிறது. ஆனால் எடை தாங்கும் திறன் எழுதப்படாத மலிவு ரிம் பக்கமே போகாதீர்கள்.

இத்தனையும் செய்து கார் குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விட்டால் கொண்டாடுங்கள். குறைந்தபட்சத்தை எட்டத் தேவைப்படும் எடையை பேலஸ்டாக, அதாவது எடைக்காகவே வைக்கும் கனமான கட்டியாக, உங்களுக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம். ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத் தரையில், முடிந்தவரை தாழ்வாக. தரைக்கு அடியில் தாங்கு தகடு கொடுத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மணல் மூட்டையும் கேபிள் டையும் மோதலில் எறிகணையாகிவிடும். 1984இல் டிரெல் அணி, பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் எடையைக் கூட்டத் தண்ணீரோடு ஈயக் குண்டுகளைத் தொட்டியில் நிரப்பிய விவகாரத்தில் அந்த ஆண்டின் ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப்பிலிருந்தே நீக்கப்பட்டது.

உங்கள் ஷெட் தராசும் பந்தயக்காரர்களின் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்பாதீர்கள். பயிற்சி நாளன்றே ஹெல்மெட், உடுப்பு, காலணியோடு உட்கார்ந்து, டேங்கில் பந்தய முடிவில் மிஞ்சும் அளவு பெட்ரோலோடு, அவர்கள் மேடையில் ஒருமுறை ஏறிவிடுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மீதி பேலஸ்ட்டை முடிவு செய்யலாம்.