ஸ்கோப் வாங்குவதற்கு முன் கட்டையைப் பாருங்கள்

டெல்டாவில் லைசென்ஸோடு ரைபிள் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பலரிடம் இருப்பது தாத்தா வாங்கிப்போட்ட .315 ரைபிள். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது, லீ-என்ஃபீல்டு அமைப்பு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் உருளையான போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது. அதை வைத்து வேட்டைக்குப் போன காலம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. கோடியக்கரை அதற்கும் முன்பே, 1967-லேயே, சரணாலயம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் ரேஞ்சில் அட்டையைச் சுடுகிறவர்களுக்கு.

குறி சிதறுகிறது என்றதும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்க ஓடுவதுதான் முதல் தவறு. ஸ்கோப் இலக்கைப் பெரிதாகக் காட்டும், சிதறலைக் குறைக்காது. அதை மாட்ட உள்ளூர் லேத் பட்டறையில் ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டில்) துளை போடுவது இன்னும் மோசம். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவர் கையில் கொடுத்தால் வழக்கு உங்கள் மேலும் வரலாம்.

பெரும்பாலும் கோளாறு கட்டையில்தான், குழலைத் தாங்கும் மரப்பகுதியில்தான், இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். குழலை ஒரு பக்கமாக நெட்டும். பங்குனி வெயிலில் அதே மரம் சுருங்கும், திருகுகள் தளரும். பங்குனியில் சரிசெய்த குறி கார்த்திகையில் நிற்காததற்கு இதுதான் காரணம். இது தெரியாமல் மாதத்துக்கொரு தரம் குறிபார்க்கும் சைட்டைத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முதலில் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, குழல் எந்த இடத்தில் மரத்தில் உரசுகிறது என்று பாருங்கள். உரசிய இடத்தில் மரம் பளபளத்துக் கிடக்கும்.

உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். குழல் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும் என்பது புதுக்கால ரைபிள்களுக்கு நல்ல விதி. லீ-என்ஃபீல்டு வகையில் முன்கட்டை குழலை ஓர் இடத்தில் தாங்குவது வடிவமைப்பிலேயே உண்டு. அதைச் சுரண்டினால் இருந்த துல்லியமும் போகும். இன்னொன்று: லீ-என்ஃபீல்டின் பழைய மார்க் 3 மாடல்களில் முன்கட்டையைக் கழற்றாமல், பின்கட்டையைப் பிடித்திருக்கும் திருகு போல்ட்டைத் திருகக் கூடாது. அந்தத் திருகு போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் சிக்கியிருக்கும். திருகினால் மரம் பிளந்துவிடும். விவரம் தெரிந்த கன்ஸ்மித் இதைச் சொல்லாமலே செய்வார். தச்சருக்கு இது தெரிய நியாயமில்லை.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊர் பழக்கம் ஒன்று உண்டு: தேங்காய் எண்ணெய். மார்கழி விடியலில் அது குப்பியில் உறைந்து நிற்பதைப் பார்க்கிறோம். போல்ட்டுக்குள்ளும் அப்படித்தான் உறையும். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி மந்தமாக அடிக்கும். நாள்பட்டால் பிசினாகவும் ஆகும். துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் போதும். கேன்வாஸ் உறைக்குள்ளேயே பீரோவில் வைப்பதையும் விடுங்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும்.

குழலைத் துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து விட்டுத் துடைக்காதீர்கள். குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் விளிம்பு அது. ஒரு பக்கம் தேய்ந்தாலும் குண்டு கோணும். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து துடைக்க வேண்டும்.

தோட்டா கிடைப்பது அரிது என்பதால் வேறு வேறு ஆண்டில் வாங்கியதைக் கலந்து சுட்டுவிட்டு ரைபிளைக் குறை சொல்வது நடக்கிறது. ஒரே லாட்டில், அதாவது ஒரே தொகுதியாகச் செய்த தோட்டாவில், குழல் ஆற இடைவெளி விட்டுச் சுட்டால்தான் சிதறல் எவ்வளவு என்று தெரியும். 100 மீட்டரில் ஒரு நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது சுமார் 29 மில்லிமீட்டர். பழைய .315-இடம் அதை எதிர்பார்ப்பது பேராசை. அதைப்போல மூன்று நான்கு மடங்குக்குள் நின்றாலே திருப்திப்படலாம் என்பது என் கருத்து.

ட்ரிகரை இலேசாக்க அராவுவது வேண்டவே வேண்டாம். போல்ட்டை அடித்து மூடும்போதே வெடிக்கும் ரைபிள் யாருக்கும் உதவாது.

தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கியதும் அப்படியே ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். போல்ட்டைக் கழற்றி, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துருவோ குளவிக் கூடோ இல்லையென்று பார்த்த பிறகு தோட்டாவைத் தொடுங்கள்.