கனிந்துபோன பழத்தில் சட்னி போடுவது எப்படி

சீனப் புத்தாண்டு முடிந்ததும் ஜோடி ஜோடியாக மிஞ்சிக் கிடக்கும் மாண்டரின் ஆரஞ்சு, ஈரச்சந்தையில் கடை கட்டும் நேரத்தில் மலிவாகத் தள்ளிவிடும் மாம்பழம், ஒரு பக்கம் அழுங்கின அன்னாசி, இதையெல்லாம் குப்பைக் குழாயில் போடாதீர்கள். அது எரியாலைக்குப் போய், சாம்பல் சிங்கப்பூரின் குப்பைக் கிடங்கான செமாக்காவ் தீவில் கொட்டப்படும். பழத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். தண்ணீரைப் போய் யாராவது எரிப்பார்களா!

முதலில் பழத்தைப் பிரியுங்கள். அழுங்கினது, தோல் கறுத்தது, சுருங்கினது எல்லாம் ஆகும், அந்த இடத்தைத் தாராளமாகச் சீவிவிட்டால் போதும். ஆனால் பூஞ்சை பிடித்ததும் சாராய வாடை அடிப்பதும் ஆகவே ஆகாது. மெத்தென்ற பழத்துக்குள் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும், அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சுத்தம் செய்து நறுக்கிய பழம் 1 கிலோவுக்கு வினிகர் 250 மில்லி, சர்க்கரை அல்லது குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) 250 கிராம், பெரிய வெங்காயம் 2, விரல் நீள இஞ்சி, காய்ந்த மிளகாய் உங்கள் வாய்க்குத் தக்கபடி, உப்பு 2 தேக்கரண்டி. பழம் ரொம்ப இனிப்பாக இருந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம், வினிகரில் மட்டும் கை வைக்காதீர்கள், கெடாமல் காப்பதில் பெரும்பங்கு புளிப்புக்குத்தான். பப்பாளி, வாழைப்பழத்தில் புளிப்பு குறைவு என்பதால் அவற்றைத் தனியாகப் போடாமல் அன்னாசியோடு கலந்துவிடுங்கள். ஆரஞ்சில் வெள்ளை நாரையும் கொட்டையையும் எடுக்காவிட்டால் கசக்கும்.

எவர்சில்வர் சட்டிதான் சரி, அலுமினியம் வினிகரோடு ஒத்துப்போகாது. எண்ணெயில் கடுகு, சோம்பு பொரிந்ததும் வெங்காயம், இஞ்சி, மிளகாயை வதக்கி, மீதி எல்லாவற்றையும் கொட்டி, சன்னலைத் திறந்து வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அடுப்படியில் வினிகர் நெடி படுக்கையறை வரை போகும். மிதமான தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆரம்பத்தில் சலசலவென்று கொதிப்பது, கெட்டியாக ஆக ஆக ‘பொத் பொத்’தென்று வெடித்துக் கையில் தெறிக்கும், அப்புறம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். உடனே நீர் ஓடி வந்து மூடினால் இன்னும் பதம் வரவில்லை. கோடு கொஞ்ச நேரம் நின்றால் இறக்கிவிடலாம், ஆறினால் இன்னும் இறுகும்.

பழைய ஜாம் புட்டியைக் கழுவி, 10 நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, ஈரம் போனதும் சூட்டோடு நிரப்புங்கள். நம்ம ஊர் புழுக்கத்துக்கு வெளியே வைக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டி போட்டு ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். முதல் நாள் வினிகர் தூக்கலாகத்தான் தெரியும், ஒரு வாரம் போனால் அடங்கும். தோசைக்கு எனக்கு இது ஒத்துவரவில்லை. பிராட்டாவுக்கும் (நம்ம பரோட்டாதான்) தயிர்சாதத்துக்கும் பிரமாதம்.