உங்கள் குள்ளர்கள் எதை வெட்டுகிறார்கள்?

மாயாஜாலக் கதைக்குக் குள்ளர் நாடு ஒன்றை உருவாக்க உட்காருகிறவர்கள் முதலில் தாடியைப் பின்னுகிறார்கள். அப்புறம் ஒரு கோடரி, ஒரு பீப்பாய் மது, ஒரு ராஜா, ஒரு பழைய பகை. பத்து நிமிடத்தில் நாடு தயார். ஏற்கெனவே நூறு பேர் கட்டி முடித்த நாடு அது. தாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இவர்கள் பூமிக்குள் எதை வெட்டுகிறார்கள், வெட்டும்போது எதனால் சாகிறார்கள் என்ற இரண்டையும் முதலில் எழுதுங்கள். பண்டிகை, சாப்பாடு, வசவு, சாவுச் சடங்கு எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் கொருக்குப்பேட்டையில் அப்பாவின் லேத் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் தெருப் பசங்களை உட்காரவைத்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு நடத்துகிறேன். தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். அதனால் குள்ளர்களைப் பற்றி நான் சொல்வதில் பாதி பட்டறை, பாதி தாத்தா.

எதை வெட்டுகிறார்கள்

உப்பு என்று வைத்துக்கொள்வோம். போலந்தில் வியெலிச்கா என்ற பழைய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே தொழிலாளர்கள் பூமிக்கு அடியிலேயே தேவாலயம் குடைந்திருக்கிறார்கள். சிலைகளும் உப்பு, சரவிளக்குத் தொங்கல்களும் உப்பு. பாரம் இழுக்கக் குதிரைகளைக் கீழேயே லாயம் கட்டி வளர்த்தார்கள். உப்புக் குள்ளர்கள் என்றால் சிற்பிகள், பக்திமான்கள், குதிரைக்காரர்கள் என்று மூன்று விதமான ஆட்கள் உங்களுக்கு உடனே கிடைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பெரிய எதிரி தண்ணீர். ஒரு கசிவு வந்தால் சாமி சிலையே கரைந்துவிடும்.

நிலக்கரி என்றால் கதை வேறு. அங்கே பயம் வாயு: ஒன்று மூச்சை அடைக்கும், ஒன்று பொறி பட்டால் வெடிக்கும். கூண்டில் கனாரிப் பறவையைக் கீழே கொண்டு போனது அதற்காகத்தான். 1815ல் ஹம்ஃப்ரி டேவி வலைக்கம்பி சுற்றிய விளக்கை உருவாக்கியதும் அதற்காகத்தான். நிலக்கரிக் குள்ளர் ஊரில் நெருப்பு எடுத்து வருகிறவன் கொலைகாரனுக்குச் சமம். சமையல் முழுக்க மேலே நடக்கும், கீழே ஆறிய சாப்பாடுதான். ஆறிய சோறு சாப்பிடுவதே அங்கே கௌரவம் ஆகிவிடும். சூடாகச் சாப்பிடுகிறவனை ‘மேல்வாசி’ என்று கிண்டல் செய்வார்கள்.

தங்கம் என்றால் ஆழம். கோலாரில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அந்த ஆழத்தில் பாறை மேலே அழுத்தும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். மேலே வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த அதிர்ச்சி தெரியும். அலமாரியில் பாத்திரம் குலுங்கினால் பாட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்க வாசலுக்கு ஓடுவாராம். அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு வீடு எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பதற்குக்கூட ஒரு வழக்கம் இருக்கும். ஒரு வெண்கலக் கிண்ணம், அதற்குள் ஒரு கூழாங்கல், அது எப்போதும் வாசலோரம். புது மருமகள் கொண்டு வரும் முதல் சீர் அந்தக் கிண்ணம்தான். இவ்வளவு எழுதினால் போதும், குள்ளப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

இரும்பு வெட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். இரும்பை உருக்கக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும், அதுவும் காடு காடாக. வனவாசிகளோடு குள்ளர்களுக்கு ஏன் பகை என்று புராணக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வெட்டிய மரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற தகராறே போதும்.

ஆபத்தைச் சடங்காக்குவது

இதற்கு நான் வைத்திருக்கும் வழி இது. முதலில் ஒரு விபத்து. அதனால் ஒரு விதி. மூன்று நான்கு தலைமுறை கழித்து விபத்து மறந்துபோகிறது, விதி மட்டும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சடங்காக நிற்கிறது.

வடக்கு ஐரோப்பியப் புராணத்தில் சிந்த்ரி, புரோக் என்று இரண்டு குள்ளச் சகோதரர்கள் வருகிறார்கள். தோர் கடவுளுக்கு அவர்கள் சுத்தியல் அடிக்கும்போது, அவர்களோடு பந்தயம் கட்டிய லோகி என்ற சூழ்ச்சிக்காரன் ஈயாக உருமாறி வந்து துருத்தி ஊதுகிறவனின் கண்ணிமையில் கடிக்கிறான். ரத்தம் கண்ணில் வழிய, அவன் ஒரு நொடி கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். அந்த ஒரு நொடியில் துருத்தி நின்றதால் சுத்தியலின் கைப்பிடி குட்டையாகிவிட்டது. அப்படியும் அதுதான் சிறந்த வேலை என்று தேவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதை அப்படியே எடுத்து உங்கள் நாட்டில் வைக்காதீர்கள், இதே வழியில் யோசியுங்கள். என் குள்ளர் பட்டறையில் துருத்திக்காரன் பக்கத்தில் ஒருவர் சாமரத்தோடு நிற்பார். அவருக்கு வேறு வேலையே கிடையாது. பூமிக்கு அடியில் அவ்வளவு ஆழத்தில் ஈ வராது. ஆனால் அந்தப் பதவிக்குச் சம்பளம் உண்டு, அண்ணன் தம்பிக்குள் வாரிசுச் சண்டை உண்டு. சாமரம் இல்லாமல் அடித்த வாளை எந்த வியாபாரியும் வாங்க மாட்டான். எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை அன்று எந்த மெஷினும் ஓடாது. லேத்துக்குச் சந்தனம், குங்குமம், பொரி, வாசலில் உடைத்த பூசணிக்காய். அவசர ஆர்டரோடு வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் அப்பா சுவிட்சைத் தொட மாட்டார். காரணம் கேட்டால், ‘தொடக்கூடாது, அவ்வளவுதான்’ என்பார். உங்கள் குள்ளர்களும் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். உண்மையான காரணம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும், அவர்கள் வாயில் வர வேண்டாம்.

இன்னொன்று. வெடிமருந்து வருவதற்கு முன்னால் கெட்டிப் பாறையை நெருப்பால் உடைப்பார்கள். பாறை முகப்பில் விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள், சூட்டில் பாறை விரிசல் விடும். புகையில் யாரும் கீழே இருக்க முடியாது. அப்படியென்றால் நெருப்பு எரிகிற நாட்களில் ஊரே மேலே வந்தாக வேண்டும். உங்கள் குள்ளர்களுக்கு விடுமுறை கிடைத்துவிட்டது! சந்தை, பெண் பார்ப்பது, பஞ்சாயத்து எல்லாம் அந்தப் புகை நாட்களில்தான். வெடிமருந்து வந்த பிறகு புகை நாள் தேவையில்லை. அதை முதலாளி ரத்து செய்யப் பார்த்தால் அங்கே ஒரு நாவலுக்கான சண்டை இருக்கிறது.

சத்தத்தையும் கவனியுங்கள். சுரங்கத்தில் ஆளை இறக்கவும் ஏற்றவும் மணி அடித்துத்தான் சைகை, எத்தனை அடி என்பதில் உயிர் இருக்கிறது. ஐந்து தட்டு என்றால் சாவு என்று வையுங்கள். சாப்பாட்டுத் தட்டில் விளையாட்டாக ஐந்து முறை தட்டிய குழந்தைக்கு முதுகில் ஒன்று விழும். விசிலும் அப்படித்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் உள்ளே விசிலடிக்கக் கூடாது, பாறைக்குள் தட்டிக்கொண்டிருக்கும் குட்டி ஆவிகளுக்குக் கோபம் வரும் என்பார்கள். கொண்டு போன பண்டத்தில் ஒரு துண்டை அவற்றுக்கு விட்டுவைப்பார்களாம். அந்தக் கார்ன்வால்காரர்கள் கோலாருக்கும் வேலைக்கு வந்தார்கள். தாத்தா வீட்டுக்குள் யாரையும் விசிலடிக்க விட்டதில்லை. எங்கிருந்து யாருக்குத் தொற்றியது என்று நான் துப்பறியப் போவதில்லை, ஆனால் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் ஒருவர் பயத்தை ஒருவர் கடன் வாங்குவார்கள் என்று உங்கள் கதையில் வைக்கலாம்.

நாட்காட்டி

சூரியன் இல்லாத ஊரில் நாளை எப்படிப் பிரிப்பது? ஷிஃப்ட்டால்தான். பெரம்பூர் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மில் சங்கு ஊதின நேரத்தைச் சொல்லித்தான் பழைய கதையை ஆரம்பிப்பார்கள். குழந்தை பிறந்த நேரமும் ‘ரெண்டாவது சங்குக்கு முன்னாடி’. வருடத்துக்கும் வேலையே கணக்கு. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன்கள் முட்டையிடும் காலம். அந்த இரண்டு மாதம் படகுக்குப் பெயின்ட், வலைக்குத் தையல், கைச்செலவுக்குக் கடன். உங்கள் குள்ளர்களுக்கும் வேலை நின்றுபோகும் ஒரு காலம் வையுங்கள். மழையில் கீழ்த்தளம் முழுகுகிற மாதங்கள் சரியாக இருக்கும். அவர்கள் யார் என்பது அந்த மாதங்களில்தான் வெளியே வரும்.

பணமும் சங்கமும்

குள்ளர்கள் தங்கத்தைக் குவித்து அதன்மேல் படுத்துத் தூங்குவார்கள் என்பது எனக்குப் பிடிக்காத கற்பனை. கணக்குப் பார்க்கிறவளுக்கு அது வயிற்றெரிச்சல். பணத்தைச் சுற்ற விடுங்கள். என் குள்ளர்கள் ஏலச்சீட்டு நடத்துகிறார்கள். இருபது குடும்பம், மாதம் ஆளுக்கு ஒரு வெள்ளிக்கட்டி. யாருக்கு அவசரமோ அவர் அதிகமாகத் தள்ளி எடுப்பார், தள்ளிய வெள்ளி மற்றவர்களுக்குப் பங்காகப் போகும். புதுச் சுரங்கம் தோண்டுவதும் மகள் கல்யாணமும் அதில்தான். சீட்டு எடுத்துவிட்டு ஆழத்துக்குள் ஓடிப்போன ஒரு குள்ளன் போதும், உங்கள் ‘தலைமுறைப் பகை’ தயார். அதைப் புரிந்துகொள்ள வாசகருக்கு வம்சாவளிப் படம் தேவைப்படாது.

ராஜாவைப் பற்றி எங்கள் மாடியில் ஒரு பையன் சொன்னதே என் கருத்தும்: ‘ராஜா வேணாம்க்கா, செம போரு.’ பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களிடமிருந்துதான் 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். சாப்பிடக் கொடுத்த இடைவேளை போதவில்லை என்பது அன்றைய குறைகளில் ஒன்று. சோறு மெல்ல நேரம் கேட்டுத் தொடங்கிய சண்டையைவிட நம்பகமான அரசியல் எனக்குத் தெரியாது. விளக்குத் தூக்குகிறவர்கள் ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார்கள் என்று எழுதுங்கள். இப்போது வருடா வருடம் அந்த நாளில் ஊர் முழுக்க ஒரு மணி நேரம் இருட்டில் சாப்பிடுகிறது. முதலாளி வீட்டிலும் சாப்பிடுகிறார்கள், ஏன் என்று தெரியாமல்.

சாவு

குள்ளர் சாவு என்றாலே கனமான மந்திரம், கல் பெட்டி, தாடியில் கண்ணீர். எங்கள் பக்கம் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க கானா பாடுவார்கள். பாடகர் வந்ததும் செத்தவர் பெயர், பார்த்த வேலை, பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்துக்கொள்வார். அப்புறம் அவர் குடித்ததும் கொடுத்ததும் கோபப்பட்டதும் பாட்டில் வரும். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வரும். நீங்கள் கானாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குகையில் வைக்க வேண்டாம், ஒட்டாது. செத்தவரைத் தெரிந்தவராகவே பாடுவது என்ற அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் குள்ளர்களிடம் ஒரு விதி: செத்தவரின் ஒரு குறையையாவது பாட்டில் சொல்லாவிட்டால் பாடகருக்குக் கூலி கிடையாது. இடிந்த பாறைக்குள் உடல் கிடைக்காமல் போனவருக்கு மட்டும் குறை பாடுவதில்லை. அவர் பங்குச் சாப்பாட்டை ஒரு வருடம் அந்த ஷிஃப்ட்டுக்காரர்கள் முறை வைத்துச் சாப்பிடுவார்கள்.

சின்னச் சின்னது

விளையாட்டு: கூரை தாழ்வு, எறிகிற ஆட்டம் ஆகாது. கேரமில் இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயத்தைத் தந்த ஊர்க்காரியாக நான் கேரம் மாதிரி ஒரு சுண்டாட்டத்தைத்தான் கொடுப்பேன். மழமழப்பான கற்பலகை, ஒரே விளக்கு. வசவு: எதற்குப் பயமோ அதுவே வசவு. ‘உன் குழியில தண்ணி ஏற’ என்றால் கத்தி எடுத்துவிடுவார்கள். பெண்கள்: இந்தியாவில் 1952 சுரங்கச் சட்டம் பெண்கள் பூமிக்கு அடியில் வேலை செய்வதைத் தடுத்தது, 2019ல்தான் தளர்த்தினார்கள். உங்கள் நாட்டில் யார் கீழே இறங்கலாம், அதை யார் முடிவு செய்தார்கள் என்று ஒரு வரியாவது இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் வெளியூர் ஆள் ஒருவரை உள்ளே அனுப்பி ஒரு வழக்கத்தை மீற வையுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி கோபப்பட்டால் அது இன்னும் சமூகம் ஆகவில்லை. ஒருவர் அடிக்க வர வேண்டும், ஒருவர் ‘விடுப்பா, தெரியாம பண்ணிட்டான்’ என்று தடுக்க வேண்டும். பக்கத்துச் சுரங்கத்துக்காரர் ‘எங்க பக்கம் இப்படியே கிடையாதே’ என்று மூக்கை நுழைக்க வேண்டும்.

பகடை ஆட்டத்துக்காக எழுதுகிறீர்கள் என்றால் குறிப்பேட்டில் பாதிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஆடுகிறவர்கள் கேட்பது நீங்கள் யோசித்ததாக இருக்காது. எங்கள் மாடியில் முதல் கேள்வியே, ‘அக்கா, இவனுங்க கக்கூஸுக்கு எங்க போவானுங்க?’ என்பதுதான். அன்று மாலைக்குள் குள்ளர் நகரத்துக்கு ஒரு கழிவு வாய்க்கால், அதைச் சுத்தம் செய்யும் ஒரு குலம், அவர்களோடு சம்பந்தம் வைக்க மறுக்கும் கொல்லர் வீடுகள் என்று மூன்று பக்கம் எழுதியாயிற்று. அடுத்த வாரமே அந்தக் குலத்துப் பையனாகத்தான் ஆடுவேன் என்று இரண்டு பேர் அடம்பிடித்தார்கள்.