கடவுச்சொல் சரியாக இருந்தும் உபுண்டு உள்ளே விடவில்லையா? நிரம்பிய வட்டைச் சீர்செய்யும் முறை

கடவுச்சொல்லைத் தட்டியதும் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் அதே உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். கடவுச்சொல் தவறாக இருந்தால் உபுண்டு அதை எழுத்திலேயே தெரிவித்துவிடும். இங்கே அப்படி எந்தச் செய்தியும் வராது என்பதை முதலில் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் பதற்றப்பட்டு, பென் டிரைவைச் செருகி இயங்குதளத்தை முழுவதுமாக மறுபடி நிறுவத் தொடங்கினால், பல ஆண்டுப் படங்களும் ஆவணங்களும் அதோடு அழிந்துபோகக்கூடும். அதற்கு முன் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் உள்நுழையும்போது டெஸ்க்டாப் உங்கள் ஹோம் அடைவில் (உங்கள் சொந்தக் கோப்புறையில்) சில சிறு கோப்புகளை எழுத வேண்டியிருக்கிறது; எழுத இடமே இல்லையென்றால் அது தொடங்கிய வேகத்தில் நின்றுவிடும். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, வட்டில் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென்று (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்குக்கென்று) ஒதுக்கி வைப்பதால், உங்கள் கணக்குக்கு இடம் தீர்ந்த பின்னும் நிர்வாகக் கட்டளைகள் இயங்குவதற்குச் சிறிது இடம் மிஞ்சியிருக்கும். அந்த ஒதுக்கீடுதான் இப்போது நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

உள்நுழைவுப் பக்கத்தில் இருந்தபடியே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் உடன் அழுத்த வேண்டியிருக்கும். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கப்படும். அதைத் தந்தபின் கடவுச்சொல்லைத் தட்டும்போது எழுத்தோ நட்சத்திரக் குறியோ எதுவும் திரையில் தோன்றாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடாமல் முழுவதும் தட்டி என்டரை அழுத்துங்கள். இனி வரும் கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதற்கட்டளை "டிஎஃப் -எச்". வரும் பட்டியலில் கடைசிப் பத்தியில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் உள்ள வரியைத் தேடிப் பாருங்கள். உங்கள் முதன்மை வட்டுப் பகுதி அதுதான். "லூப்" என்று தொடங்கும் வரிகள் பல 100 விழுக்காடு என்று காட்டினாலும் அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்: அவை ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் நிறுவப்படும் செயலிகளின் படிக்க மட்டுமேயான கோப்புகள், எப்போதும் நிரம்பியே தோன்றும். சாய்கோட்டு வரி 100 விழுக்காட்டைத் தொட்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. தொடவில்லையென்றால் "டிஎஃப் -ஐ" கொடுத்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் தேவைப்படும் பதிவு) எண்ணிக்கை தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது, இந்த வழிமுறை அதற்குப் பொருந்தாது.

உடனடியாக இடம் கிடைக்க "சூடோ ஏபிடி க்ளீன்" கொடுங்கள் ("சூடோ" என்பது கட்டளையை ரூட் அதிகாரத்தோடு இயக்கும் சொல்). நிறுவி முடித்த தொகுப்புகளின் பதிவிறக்கக் கோப்புகளை மட்டுமே அது நீக்குவதால் அச்சமின்றிச் செய்யலாம். அடுத்து "சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்" (இங்கே எம் மட்டும் பெரிய எழுத்து). இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவேடு, மாற்றாமல் விட்டால், வட்டுப் பகுதியில் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரக்கூடியது. இக்கட்டளை பழைய பதிவுகளை நீக்கி அதைச் சுமார் 200 எம்பிக்குக் குறைக்கும்.

இவ்வளவில் உள்நுழைய முடிந்துவிடலாம். ஆனால் இடத்தை விழுங்கியது எது என்று அறியாமல் விட்டால் ஒரு வாரத்தில் மீண்டும் இங்கேயே வந்து நிற்பீர்கள். "சூடோ டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 /" என்ற கட்டளை ஒவ்வோர் அடைவின் அளவையும் காட்டும்; எக்ஸ் என்ற எழுத்து, அது வேறு வட்டுகளுக்குள் புகாமல் தடுக்கிறது. பெரிய அடைவைக் கண்டபின், கட்டளையின் இறுதியில் அதன் பெயரைச் சேர்த்து ஒவ்வொரு படியாக உள்ளே இறங்குங்கள்.

என் மடிக்கணினியில் அப்படி இறங்கிச் சென்றபோது, "/வார்/லாக்" அடைவில் சிஸ்லாக் என்ற ஒரே கோப்பு 38 ஜிபியாக வளர்ந்து கிடந்தது. "சூடோ டெயில்" கொடுத்து அதன் கடைசிப் பத்து வரிகளைப் பார்த்தேன்: பத்திலும் ஒரே மணி, ஒரே நிமிடம், ஒரே நொடி, ஒரே பிசிஐ பஸ் பிழைச் செய்தி. கழன்றும் கழலாமலும் இருந்த வைஃபை அட்டைதான் ஒவ்வொரு நொடியும் பல முறை முறையிட்டுக்கொண்டிருந்தது. கோப்பை அழித்தேன், டிஎஃப் காட்டிய எண் அசையவே இல்லை. பதிவெழுதும் நிரல் அக்கோப்பை இன்னும் திறந்து வைத்திருந்ததால், பெயர் மறைந்தும் இடம் விடுபடவில்லை. கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே அது விடுபட்டது. ஆகவே நீங்கள் அழிக்காமல் "சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /வார்/லாக்/சிஸ்லாக்" என்று கொடுத்துக் கோப்பைக் காலியாக்குங்கள். இடம் அந்தக் கணமே திரும்பிவிடும். அட்டையைக் கழற்றி இறுக்கமாகப் பொருத்தியபின் அந்தப் பிழை வருவதும் நின்றது.

"/யுஎஸ்ஆர்", "/பூட்" ஆகிய அடைவுகள் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அவற்றில் எதையும் கையால் அழிக்காதீர்கள். பழைய கர்னல்களை (இயங்குதளத்தின் மையநிரலின் பழைய பதிப்புகளை) நீக்குவதற்கு "சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்" இருக்கிறது. அது நீக்கப்போகும் பட்டியலைக் காட்டி அனுமதி கேட்கும்போது, படித்துப் பார்த்தே ஒப்புதல் தாருங்கள்.

பிறகு "சூடோ ரீபூட்" கொடுத்து வழக்கம்போல் உள்நுழையுங்கள். டெஸ்க்டாப் வந்ததும் முதல் வேலையாகக் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். நீங்கள் அழித்துவிட்டதாக நினைத்த வீடியோக்கள் அங்கே அதே அளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கக்கூடும்.