தென்னம் மட்டையில் எதனோல்: ஆய்வுகூடத்தில் ஒரு முதல் முயற்சி

மட்டக்களப்புப் பக்கம் தென்னோலை கிடுகுக்குப் போகும். மட்டை அடுப்புக்குப் போகும். மிஞ்சினது வேலியோரம் கிடந்து உக்கும். அந்த மட்டைதான் நமக்கு வேண்டும்: அதிலுள்ள செலுலோசு என்ற நார்ப்பொருளைச் சீனியாக்கி, சீனியை எதனோல் என்ற மதுசாரமாக்கப் போகிறோம். தேங்காயை உரித்தெடுக்கும் பொச்சு மட்டை வேண்டாம். மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறினாலும் தும்பு அழியாததற்கு முக்கிய காரணம் அதிலுள்ள இலிக்னின், அதாவது நாரை இறுக்கிப் பிடிக்கும் பொருள். நம் மட்டையிலிருந்து நாம் கரைத்து எடுக்கப் போவதும் இலிக்னினைத்தான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாமல் மதுசாரம் வடிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆய்வுகூடத்தில், அனுமதியோடு, ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

காய்ந்த மட்டையைச் சீவி இடித்து, மரத்தூள் பதத்தில் 100 கிராம் எடுங்கள். 1 லீற்றர் தண்ணீரில் 20 கிராம் கோஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியச் சட்டி கூடாது. சோடா அதை அரித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். எவர்சில்வர் போதும்.

தூளைப் போட்டு ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கருங்கோப்பி நிறமாகும். அது கரைந்து வந்த இலிக்னின். வைக்கோலைக் காகிதக் கூழாக்குவதும் இப்படித்தான்; வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலில் ஓடிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அப்புறம் கழுவுதல். என் முதல் முயற்சி கெட்டது இங்கேதான். துணியில் பிழிந்து நான்கு தரம் அலசினேன், தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்ததும் போதும் என்று விட்டுவிட்டேன். செலுலோசைச் சீனியாக உடைக்கும் நொதியத்தைச் (என்சைம்) சேர்த்து மூன்று நாள் காத்தும் சீனி உருவாகவில்லை. பிறகு அமிலமா காரமா என்று காட்டும் பீ.எச் தாளை நனைத்துப் பார்த்தால் பீ.எச் 9! சோடாவின் காரம் இன்னும் போகவில்லை. நீங்கள் நிறத்தை நம்பாதீர்கள். தாள் 7, அதாவது நடுநிலை, காட்டும்வரை அலசுங்கள். கறுப்புத் தண்ணீரை வாவிப் பக்கம் கொண்டுபோய் ஊற்றவே கூடாது. ஆசிரியரிடம் கொடுத்து அமிலத்தால் நடுநிலையாக்கி, அவர் சொல்லும் இடத்தில் சேருங்கள்.

கூழில் தண்ணீர் விட்டு, சிற்றிக் அமிலத்தால் பீ.எச்சை 5க்கு இறக்கி, செலுலேசு நொதியம் சேர்த்து, 50 பாகை செல்சியஸில் மூன்று நாள் வையுங்கள். இடையிடையே குலுக்குங்கள். செலுலோசு குளுக்கோசாக உடையும். 30 பாகைக்கு ஆறிய பிறகே ஈஸ்ட் போடுங்கள், சூட்டில் போட்டால் செத்துவிடும். வாயு வெளியேற வழிவிட்டு மூடினால் இரண்டு மூன்று நாள் குமிழி வரும்.

எதனோல் கொதிப்பது 78 பாகையில். வடிப்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். அருகில் நெருப்பு கூடாது, வடித்ததைக் குடிக்கவும் கூடாது.

சரி, எவ்வளவு கிடைக்கும்? 100 கிராம் தூளில் செலுலோசு 40 கிராம் என்று வைத்தால் குளுக்கோசு 44 கிராம், அதிலிருந்து எதனோல் 22 கிராம். ஏறக்குறைய 28 மில்லிலீற்றர். இது கணக்குக்கு வரும் உச்சம். முதல் தரமே பாதி கிடைத்தால் கழுவியது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.